பொலார்டு புல்: தமிழில் என்ன சொல்லலாம்? (மின்படகு மோட்டார் சோதனை)

வணக்கம்.

மின்படகு மோட்டார் பொருத்தும் கையேட்டில் ‘பொலார்டு புல்’ என்ற சோதனைக்குச் சொல் வேண்டும். படகைக் கட்டுத்தூணோடு கயிற்றால் பிணைத்து, மோட்டாரை ஓடவிட்டு, கயிற்றின் இடையில் மாட்டிய தொங்குதராசில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பார்கள். முதல் வரைவில் ‘துறைமுகத் தூண் இழுப்பு’ என்றிருந்தது. படித்தால் யாரோ தூணைப் பிடுங்கப் போவது போல இருக்கிறது. ‘கட்டுத்தறி இழுவை’ எப்படி? யானையையும் மாட்டையும் கட்டிய தறியில் படகைக் கட்டக் கூடாதா?

————

> ‘கட்டுத்தறி இழுவை’ எப்படி?

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தறி என்றதும் இன்று நெசவுதான் நினைவுக்கு வருகிறது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியையே பலர் நெசவுத்தறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ‘இழுவை’. இழுவைக் கப்பல் என்றால் டக். மீன்பிடியில் இழுவை என்றால் டிராலர். பாடநூலில் இழுவிசை என்பது கயிற்றின் விறைப்பு.

நமக்கு வேண்டியதோ ப்ரொப்பெல்லர் தரும் உந்துவிசை. கயிறு கிடைமட்டமாக இருந்தால்தான் இரண்டும் ஒன்று. உயரமான தூணில் குட்டைக் கயிற்றைக் கட்டி அது 20 டிகிரி சாய்ந்தால், தராசு காட்டுவதில் 94 விழுக்காடுதான் உந்துவிசை. ஆகவே இழுப்பு, இழுவை எதுவும் வேண்டாம். ‘உந்துவிசை’ இருக்கட்டும், அதற்கு முன் என்ன சேர்ப்பது என்று யோசிப்போம். ‘நிலை உந்துவிசை’ போதாதா?

————

போதாது. ‘நிலை’ என்றால் மாறாதது என்றும் படிக்கலாம். இந்த எண்ணோ முதல் நிமிடத்தில் ஒன்று, பத்தாவது நிமிடத்தில் வேறொன்று. சோதனையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்து வரட்டும்.

48 வோல்ட் அமைப்பு, 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் தொடராக (பெயரளவில் 51.2 வோல்ட்), 3 கிலோவாட் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு படகின் பின்பலகை நடுவிலிருந்து போக வேண்டும்; ஓரத்தில் கட்டினால் படகு திரும்பிக்கொண்டே இருக்கும். நைலான் வேண்டாம், நீண்டு சுருங்கித் தராசை ஆட்டும், பாலியெஸ்டர் நல்லது. தராசின் கொள்ளளவு எதிர்பார்க்கும் விசையைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். த்ராட்டிலை (வேகக் கைப்பிடியை) மெல்ல ஏற்றி, முள் நின்றபின் அரை நிமிடச் சராசரியை எழுதுங்கள். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அறுந்தால் சாட்டையாக வரும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தூண் படகுக்குப் பின்னால் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் தள்ளும் நீரும் பின்னால்தான் போகிறது. தூணுக்கு அடியில் கரைச்சுவர் இருந்தால் அந்த நீர் மோதித் திரும்பி ப்ரொப்பெல்லருக்கே வந்து, எண்ணைக் கெடுக்கும். நீளக் கயிறு, இல்லையென்றால் திறந்த நீரில் நிற்கும் முளை. பீப்பாயில் மோட்டாரை முக்கிப் பார்ப்பது சோதனையே அல்ல.

சரிபார்க்க எளிய வழி: உந்துவிசை சுழல்வேகத்தின் இருபடிக்கும், திறன் முப்படிக்கும் ஏற்பப் போகும். முழு வேகத்தில் 60 கிலோ, 60 ஆம்பியர் என்றால் பாதி வேகத்தில் 15 கிலோ, ஏழரை ஆம்பியர் அருகில் வர வேண்டும். பாதியில் 15 வந்து, முழு வேகத்தில் 45-ஐத் தாண்டவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. இன்னும் ஆழமாக இறக்குங்கள்.

பேட்டரியை நெருக்கிப் பார்க்கவும் இதுவே நல்ல நேரம். 60 ஆம்பியர் ஓடும்போதே பேட்டரி முனையிலும் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) முனையிலும் வோல்ட் பாருங்கள். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள், போகவர 6 மீட்டர் என்றால் இழப்பு கால் வோல்ட்தான். ஒரு வோல்ட் காட்டினால் மீதி முக்கால் வோல்ட் ஏதோ ஓர் இணைப்பில் 45 வாட் சூடாக இறங்குகிறது. பெரும்பாலும் லக்குக்கும் (கேபிள் நுனியில் அழுத்திய உலோக வளையம்) முனைக்கும் நடுவே யாரோ போட்ட ஸ்டெயின்லெஸ் வாஷர். செம்பைவிட நாற்பது மடங்கு மின்தடை அதற்கு. வாஷர் லக்கின் மேலே, நட்டுக்குக் கீழே வர வேண்டும். பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) திடீரென மின்சாரத்தை வெட்டினால் மொத்த வோல்ட்டைப் பார்த்துப் பயனில்லை, எந்தச் செல் தனியாகத் தாழ்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் படகு ஓரங்குலம் நகரவில்லை. விசையை வேகத்தால் பெருக்கினால் படகுக்குப் போய்ச் சேர்ந்த திறன் சுழி. நின்ற இடத்தில் ப்ரொப்பெல்லர் நீரை முழுச் சுமையாகக் கடிப்பதால், அதே சுழல்வேகத்துக்கு ஓடும்போதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். இந்த எண்ணைக் குதிரைத்திறன் போல எடுத்துக்கொண்டு, உந்துவிசை 55 பவுண்டு என்று குறித்த மோட்டார் 55 குதிரை என்று நினைப்பவர்கள் உண்டு. (அது சுமார் 25 கிலோ விசை, அவ்வளவுதான்.) எனவே ‘கட்டிய நிலையில்’ என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்.

————

அப்படியானால் ‘கட்டுநிலை உந்துவிசை’. மீட்டர் திரையில் இடம் போதாது என்று ‘கட்டுந்துவிசை’ எனச் சேர்த்துப் பார்த்தேன், புணர்ச்சி சரிதான், ஆனால் ‘கட்டும் துவிசை’ என்று பிரித்துப் படிக்கிறார்கள்.

————

கட்டுநிலை உந்துவிசை எனக்குச் சம்மதம். தறியை அடியோடு விட மனமில்லை: அளவுக்கு அந்தப் பெயர், சோதனைக்குக் ‘கட்டுத்தறிச் சோதனை’ என்று வைத்துக்கொள்ளலாமே. தூணோடு படகு நிற்கும் படம் பக்கத்திலேயே வருவதால் நெசவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அலகு மட்டும் கவனம். தராசில் ‘கிலோ’ என்றிருந்தாலும் கையேட்டில் ‘கிலோ விசை’ என்றே எழுதுவோம், அடைப்பில் நியூட்டன்: 60 கிலோ விசை (588 நியூட்டன்). பதிவேட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘கட்டுநிலை உந்துவிசை 60 கிலோ விசை, 1-ஆம் நிமிடம், பேட்டரி 51.0 வோல்ட், கன்ட்ரோலர் 50.7 வோல்ட், 60 ஆம்பியர்’. அடுத்த வரி 10-ஆம் நிமிடத்துக்கு. கன்ட்ரோலர் சூடேறி மின்னோட்டத்தைக் குறைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.