பிள்ளைகள் பள்ளியில் விக்டோரியா வாரம்: உங்கள் அனுபவம் என்ன?

போன மாதம் மகளின் பள்ளியில் ஒரு வாரம் முழுக்க ராணி விக்டோரியா காலக் (19-ஆம் நூற்றாண்டு) கொண்டாட்டம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பக்கம், ராச்செஸ்டருக்கு அருகில். இந்த வட்டாரத்துக்கு நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் என்றால் எட்டயபுரத்துக்குப் பாரதி மாதிரி. அவர் 1870-ல் இறந்த காட்ஸ் ஹில் வீடு காரில் போனால் கொஞ்ச தூரம்தான். அதனால் வாரம் முழுக்க அவரையே சுற்றியது.

செவ்வாய்க்கிழமை லேபிள் ஒட்டும் வேலை. டிக்கன்ஸின் அப்பா 1824-ல் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பையனுக்கு அப்போது 12 வயது. பூட்ஸ் மை தயாரிக்கும் இடத்தில் பாட்டில்களைச் சுற்றிக் கட்டி லேபிள் ஒட்டினால் வாரத்துக்கு 6 ஷில்லிங். பிள்ளைகளை அரை மணி நேரம் அதே வேலை செய்யவைத்தார்கள், பேசக் கூடாது என்று கண்டிஷன். என் மகள் விரலெல்லாம் பசையோடு வந்து, "டாடி, அவர் எத்தனை மணி நேரம் ஒட்டினார்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு டிவி போடச் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமைக் கதை. டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் வரும் வொர்க்ஹவுஸ் (போக்கிடமில்லாத ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி) சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போடுவது திட்டம். தினம் மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரத்தில் இரண்டு நாள் ஒரு வெங்காயம், ஞாயிறு அரை ரொட்டி. 1834-ல் வந்த ஏழைகள் சட்டத்தின் நோக்கமே, வெளியே கூலி வேலை செய்கிறவன் பிழைப்பைவிட உள்ளே இருப்பவன் பிழைப்பு மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான். இல்லாவிட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்களாம். கஞ்சி காய்ச்சப் பெற்றோரில் யாராவது வர முடியுமா என்று கடிதம் வந்தது.

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சமயம். கடிதத்தைப் படித்துச் சொன்னேன். "கஞ்சியும் வெங்காயமுமா? நல்லாத்தானே இருக்கும்? இதுல என்னய்யா தண்டனை?" என்றார்.

சரி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சேலையில் விசிட்டர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அலர்ஜி பாரத்தில் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஓட்ஸ், தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம் என்று டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. அடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது உப்பு டப்பா திறந்திருந்தது. ஓட்ஸ் குழையக் கொதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம்.

நாடகம் இப்படி எழுதப்பட்டிருந்தது: எல்லாப் பிள்ளைகளும் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்க வேண்டும், ஒரே ஒரு பையன் எழுந்து இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும், கறுப்பு கவுன் போட்ட டீச்சர் கத்த வேண்டும். அந்தப் பையன் எழுந்தான். அவன் பின்னால் இன்னும் ஒன்பது பேர் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். டீச்சருக்குக் கத்த வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "உப்புப் போட்டது யார்?" என்று கேட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. என்னைக் கைகாட்டிவிட்டார்.

உங்கள் பக்கம் எப்படி நடந்தது?

———

கிழக்கு லண்டனில் டீச்சிங் அசிஸ்டென்டாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளை வருஷா வருஷம் மைல் எண்ட் பக்கம் உள்ள ராகெட் ஸ்கூல் மியூசியத்துக்குக் கூட்டிப்போவோம். 1877-ல் பர்னார்டோ ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளி அது. பழைய வகுப்பறை போலவே பெஞ்சு போட்டு, நகம் சுத்தமா என்று பார்த்து, பாடம் நடத்துவார்கள்.

முதல் தடவை போனபோது சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன என்று யாருக்காவது தெரியுமா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கும்பகோணம் பக்கம் ஒன்றாம் வகுப்பில் நான் எழுதியதே அதில்தான். என் சிலேட்டின் சட்டம் ஒரு மூலையில் விட்டுப்போய், அப்பா கம்பி வைத்துக் கட்டியிருந்தார். எழுத்துப் பளிச்சென்று தெரிய, கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்ப்போம். இங்கே கண்ணாடிக்குள் வைக்கிற சாமான், எனக்கு நேற்றுப் போலத்தான்.

அப்புறம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் 'மானிட்டர்' முறையையும் பழைய இங்கிலீஷ் பள்ளிப் பழக்கம் என்று காட்டுவார்கள். அது நம்ம ஊர்ச் சட்டாம்பிள்ளை! சென்னை எழும்பூரில் ஒரு அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது வாத்தியார்கள் மசியவில்லை. உடனே ஒரு எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். 1811-க்குப் பிறகு சர்ச் பள்ளிகளில் 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரிலேயே பரவியது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

இந்த வருஷம் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் ஒரு தட்டில் மணல் கொண்டுவந்துவிட்டார். முதல் எழுத்து 'அ' எழுதிக் காட்டினேன். அந்தச் சுழிக்கு ஒரு பையன் பத்து நிமிஷம் மல்லுக்கட்டினான்.

———

கஞ்சிக் கதை பிரமாதம். எனக்குக் கொஞ்சம் வேறு அனுபவம். மகன் பத்தாம் வகுப்பு, ஜிசிஎஸ்இ என்ற இங்குள்ள பொதுத்தேர்வுக்கு டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையைப் படிக்கிறான். டிசம்பரில் பள்ளி முழுக்கத் தொப்பியும் கோட்டுமாக விழா. 1843 டிசம்பர் 19-ல் வெளியான அந்தப் புத்தகம் கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதி விற்றது என்று வாசலிலேயே பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். எல்லாம் அழகுதான்.

தாழ்வாரத்தில் ராணியின் காலவரிசை. 1837 முடிசூட்டு, 1851 பெரிய கண்காட்சி, 1877 இந்தியாவின் பேரரசி. மூன்றாவது தேதியில் என் கண் நின்றுவிட்டது. முதல் தேதியை அப்புறம்தான் கவனித்தேன்: 1837-ல் பதவி ஏற்பு மட்டும், முடிசூட்டு 1838. அதைத் திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார்கள். 1877-ஐ எப்படித் திருத்தச் சொல்வது? அந்த ஜனவரியில் டெல்லியில் தர்பார் நடந்தபோது மெட்ராஸ் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும். அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டியதுதான்.

வீட்டில் மகனிடம் இதைச் சொன்னேன். கூடவே மாயவரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். தமிழின் முதல் நாவலை 1879-ல் அச்சில் கொண்டுவந்தவர், அதற்கு முன் பஞ்சத்தில் சொந்தச் செலவில் கஞ்சி ஊற்றியவர். "அப்ப அவரும் விக்டோரியன் ரைட்டர்தானே?" என்றான். எனக்கு அப்படி ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அரைப் பக்கம் எழுதி டீச்சரிடம் கொடுத்தான். 1877-க்குக் கீழே ஒட்டினார்கள், விழா முடியும்வரை இருந்தது.

———

முதலில் எழுதியவன்தான். மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சின்ன வயதில் கஞ்சியை மிச்சம் வைத்தால், "தாது வருசம் திரும்பி வந்தாத்தான் ஒனக்குத் தெரியும்" என்று அவருடைய ஆச்சி வைவாராம். அது ஏதோ பேய் பெயர் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம்.

பள்ளியிலிருந்து நேற்று மெயில். அடுத்த வருஷமும் கஞ்சிக்கு ஆள் வேண்டுமாம். 'உப்பில்லாமல்' என்பதை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.