வெங்கடப்பாவின் ஊட்டி மேகங்கள்: வாட்டர்கலரில் மூடுபனி எப்படி?

அல்சூர் மீனா:
மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பா 1926-இல் ஊட்டியில் வரைந்த படங்களில் மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நான் போட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறது, ஓரத்தில் வளையம் வேறு. 200 ஜிஎஸ்எம் (காகிதத்தின் தடிமனைக் காட்டும் எடை அளவு) காகிதம், மாணவர் ரக வாட்டர்கலர் டியூப், மேகத்துக்கு வெள்ளை கலக்கிறேன். எங்கே பிசகு?

தூரிகை ராஜன்:
மீனா மேடம், முதலில் வெள்ளையை ஒதுக்குங்கள். வெங்கடப்பா கல்கத்தாவில், வங்கப் பள்ளி என்ற ஓவியப் பாணியை உருவாக்கிய அபனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர். ஊட்டிக்கு வந்தபோது புராணக் காட்சிகளை விட்டு நேரில் பார்த்த மலையை வரைந்தார். ஆனாலும் அந்தப் பள்ளியின் மெல்லிய பூச்சு கையில் இருந்தது. அங்கே பழகிய ‘வாஷ்’ முறையில் பனியைக் கழுவித்தான் எடுப்பார்கள்.

300 ஜிஎஸ்எம் முழுப் பருத்திக் காகிதம் வாங்குங்கள். மரக்கூழ்க் காகிதம் இரண்டாவது கழுவலிலேயே நார் நாராகக் கிளம்பும். வெளிறிய பூச்சு ஒன்று கொடுத்து முழுக்கக் காயவிடுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் மறுநாள்வரை பொறுப்பது நல்லது. அரைகுறையாகக் காய்ந்திருந்தால் நிறம் மொத்தமாகப் போய்விடும். பிறகு தட்டில் சுத்தமான நீர் வைத்து காகிதத்தை இரண்டு மூன்று நிமிடம் முக்கி, அகலமான மென்தூரிகையால் பனி வேண்டிய இடத்தை மட்டும் வருடுங்கள். காயவைத்து அடுத்த பூச்சு. நான்கைந்து சுற்றில் ஆழம் வரும். வளையம் விழுவது, பாதி காய்ந்த பூச்சின்மேல் ஈரத்தூரிகை படுவதால்.

அல்சூர் மீனா:
நன்றி சார். பலகையில் டேப் ஒட்டி இழுத்துக் கட்டிய காகிதத்தையும் முக்கலாமா?

தூரிகை ராஜன்:
கூடாது, பசை டேப் கழன்றுவிடும். பலகையைச் சாய்த்து மேலிருந்து நீரை ஓடவிடுங்கள்.

விஜயநகர் சேகர்:
நிறத்தையும் பாருங்கள் மேடம். தேலோ நீலமும் அலிசரின் சிவப்பும் காகிதத்தைக் கவ்விக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. கோபால்ட் நீலம், அல்ட்ராமரின், ரா சியன்னா போதும். அல்ட்ராமரின் காகிதத்தின் குழிகளில் மணிமணியாகத் தங்கும். தூரத்து மலைச்சரிவுக்கு அது அழகு, வானத்துக்கு வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள், உப்பு வெள்ளையாகப் பூக்கும். காவேரித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள்.

சுண்ணக்கோல்:
அதே பனியை சாஃப்ட் பேஸ்டலிலும் (பொடியாக உதிரும் நிறக்கட்டி) பிடிக்கலாம். மணற்பரப்புள்ள காகிதத்தில் வாட்டர்கலர் அடித்தளம் போட்டு, மேலே சாம்பல் நீலத்தைக் கட்டியின் பக்கவாட்டால் லேசாக இழுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் மணற்குழி அடைத்து அடுத்த அடுக்கு ஒட்டாது. கடைசியில் பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை நிறைய அடித்தால் வெளிர்நிறம் இருண்டு பனியே காணாமல் போகும். சட்டம் போடும்போது அக்ரிலிக் தகடு வேண்டாம், நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். கண்ணாடி போடுங்கள், அது படத்தில் படாதபடி இடைவெளிக்கு மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்பு) வைக்கச் சொல்லுங்கள்.