புதுப்பிப்பு: தாடை 'டக்' சத்தம், நைட் கார்டு, வாய்ப் பூட்டு

வாய் திறக்கும்போது 'டக்' சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. பலர் கேட்டது நைட் கார்டு (தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை) பற்றியும், திடீரென வாய் பூட்டிக்கொள்வது பற்றியும்.

வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் மெத்தென்ற கார்டு வேண்டாம். சிலர் அதைச் சூயிங்கம் மாதிரி இன்னும் பலமாகக் கடிப்பார்கள். காலையில் கன்னத் தசை கூடுதலாக வலிக்கும். முன்பற்களை மட்டும் மூடும் சின்ன வகையை நெடுநாள் போட்டால் பின்பற்கள் மேலெழும்பி, முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் போகலாம். கேட்க வேண்டியது, ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும் கடினமான அக்ரிலிக் தகடு. கடைவாய்ப் பக்கம் சுமார் 2 மி.மீ. தடிமன் போதும். பொருத்தும் நாளில், பல் படும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் நிறத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். இருபுறமும் புள்ளிகள் ஒரே மாதிரி விழும்வரை தகட்டைத்தான் ராவ வேண்டும், பல்லை அல்ல. ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக விழுந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். தசை தளர்ந்ததும் கடி மாறும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பூட்டு விஷயம் வேறு. சாதாரணமாக வாய் 40 மி.மீ.க்கு மேல் திறக்கும்; நம் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக நுழைக்கலாம். சத்தம் சட்டென நின்று, திறப்பு 25–30 மி.மீ.யாகக் குறைந்து, தாடை வலிக்கும் பக்கம் ஒதுங்கினால், தாடை மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் வட்டு முன்னால் நழுவி வழிமறிக்கிறது. சத்தம் போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டுக் காத்திருக்கக் கூடாது. சில நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் கையாலேயே விடுவிக்க வாய்ப்பு அதிகம். தள்ளிப்போனால் இரண்டு ஊசி செருகி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலால் மூட்டைக் கழுவ வேண்டிவரலாம்.