நிலவுகள் உருவாகும் மாதிரி: துகள் முழுவதும் நடுவில் குவிகிறது, வழி சொல்லுங்கள்

குடியாத்தத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. இளம் வியாழனைச் சுற்றியிருந்த வாயு, தூசித் தட்டிலிருந்து நான்கு பெரிய நிலவுகள் திரண்டதைக் காட்ட வேண்டும். காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் யோசனை இது.

ஊர்க் குயவர் இரவல் தந்த சக்கரம், அதன்மேல் 40 செ.மீ. எவர்சில்வர் தாம்பாளம், இரண்டு விரற்கடைத் தண்ணீர், ஒரு கைப்பிடி ரவை. சுற்றத் தொடங்கினால் ரவை விளிம்புக்கு ஓடுகிறது. வேகம் குறைந்ததும், டம்ளரில் கலக்கிய டீத்தூளைப் போல நடுவில் குவிந்துவிடுகிறது. முதலில் திரண்ட நிலவுகள் இப்படித்தான் வியாழனுக்குள் விழுந்திருக்கும் என்றும் ஒரு கருத்து உண்டு. ஆனால் நடுவரிடம் அது செல்லாது.

மூன்று நாளாகப் போராடுகிறோம். கேழ்வரகும் நடுவுக்கே போனது. மரத்தூள் மிதந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. சோற்றுக் கஞ்சி ஊற்றியதும் எதுவும் அசையவில்லை.

அந்த நான்கு நிலவுகளில் உள்ளே இருக்கும் அயோவின் அடர்த்தி 3.5 கிராம்/க.செ.மீ., வெளியே இருக்கும் கேலிஸ்டோவுக்கு 1.8. ஆகவே கனமான துகள் உள்ளேயும் லேசானது வெளியேயும் நிற்க வேண்டும். வேலூர்க் கடைகளில் கிடைக்கும் எந்தப் பொருளைப் போட்டால் துகள்கள் நான்கு வளையங்களாகத் தங்கும்?