"சில யானைகள் பாலூட்டிகள்": சொல்லாத பொருளுக்கு நேரம் கூடுமா?

கேள்வி:
"சில மாணவர்கள் வந்தார்கள்" என்றதும் "எல்லோரும் வரவில்லை" என்று மூளை உடனே எடுத்துக்கொள்கிறதா, நேரடிப் பொருளுக்குப் பிறகா? முதுகலை ஆய்வுக்குச் சோதனை அமைக்க வேண்டும். எதை அளப்பது?

பதில் 1:
பாட், நோவெக் என்ற ஆய்வாளர்கள் 2004இல் செய்த சோதனையிலிருந்து தொடங்குங்கள். "சில யானைகள் பாலூட்டிகள்": சரியா, தவறா? எல்லா யானைகளும் பாலூட்டிகள் என்பதால் தர்க்கப்படி சரி. "எல்லாம் அல்ல" என்று புரிந்துகொண்டவர்கள் தவறு என்கிறார்கள். அந்தப் பதிலுக்கே நேரம் கூடுகிறது. ஆனால் 'தவறு' பொத்தானே பொதுவாகத் தாமதமாகும். ஆகவே "எல்லா யானைகளும் பூச்சிகள்" போன்ற ஐயமற்ற பொய்களையும் கலந்து ஒப்பிடுங்கள். இது இல்லாவிட்டால் முடிவுக்கு மதிப்பே இல்லை.

பதில் 2:
தாமதம் நிலையான விதி அல்ல. கண்ணசைவுச் சோதனைகளில் ஹுவாங், ஸ்னெடெக்கர் (2009) தாமதம் கண்டனர்; கிராட்னர் குழு (2010) காணவில்லை. "இரண்டு", "மூன்று" என எண் வாக்கியங்களையும் அதே சோதனையில் கலந்தால், 'சில' மங்கலான தேர்வாகிவிடுகிறது, வேகம் குறைகிறது. எண்களைத் தனித் தொகுதியாக வையுங்கள்.

பதில் 3:
எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் முறை) வேண்டாம். இரத்த ஓட்ட மாற்றம் உச்சம் தொடவே சுமார் 5 நொடி ஆகும். முன்பின் வரிசை அதில் தெரியாது. மூளையில் எந்த இடம் இயங்குகிறது என்பதை அது காட்டும். மூடிய சன்னல் படத்துடன் "இங்கே வெக்கையாக இருக்கிறது" என்பதை மறைமுக வேண்டுகோளாகக் கேட்டபோது, பிறர் மனதை ஊகிக்கும் பகுதிகளோடு செயலுக்கான பகுதிகளும் தூண்டப்பட்டன (வான் ஆக்கரன் குழு, 2012). நேரத்துக்கு ஈஈஜி (மூளையின் மின்னலைகளைத் தலைமேல் பதிவுசெய்யும் முறை) எடுங்கள். சொல் தொடங்கி சுமார் 400 மில்லிநொடியில் வரும் எதிர்மின் அலையைப் பாருங்கள்.