பத்து வயது தாண்டிய சின்ன கார்: பணம் கொடுக்கும் முன் வண்டியை எப்படிப் பார்ப்பது

வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதத்தில் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போயிருப்பீர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும், அந்த நேரம் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வயதான சின்ன கார் ஒன்று கண்ணில் படும். ஓடியது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், விலை கைக்கு அடக்கம், படத்தில் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அனுப்புவது மூன்றே விஷயம்: மாடல், வருடம், கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே வருடம் ஒரே ஆலையிலிருந்து வெளிவந்த இரண்டு வண்டிகளில் ஒன்று இன்னும் ஆறேழு வருடம் ஓடும், மற்றது அடுத்த மாதமே நடுரோட்டில் நிற்கும். இந்த வயதுக்கு வந்த வண்டியின் தலையெழுத்தை எழுதியவர் அதை இதுவரை வைத்திருந்தவர்தான்.

நான் வந்த புதிதில் வாங்கிய முதல் கார் ஆட்டோமேட்டிக், சிவிடி வகைக் கியர்பாக்ஸ், அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் சீராக மாறிக்கொண்டே போகும் வகை. பாடியில் ஒரு கீறல் கிடையாது. விற்றவர் நன்றாகத்தான் பேசினார். சர்வீஸ் ரசீது கேட்டேன், எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்றார், நானும் விட்டுவிட்டேன். நாலாம் மாதம் ஒரு மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. மெக்கானிக் கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை. புது வண்டியாக வந்த நாளிலிருந்து இதை ஒருமுறைகூட மாற்றியிருக்க மாட்டார்கள் என்றார். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு நான் காருக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது. குழந்தை பிறக்கப்போகிற நேரம், சேமிப்பு முழுவதையும் அந்தக் காரில் போட்டிருந்தேன். இன்னொருவர் வீட்டில் இது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனவே முதலில் காகிதம், அப்புறம்தான் கார். போனில் பேசும்போதே கேளுங்கள்: எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், ரசீது இருக்கிறதா. பத்து வருடம் வைத்திருந்த ஒருவர் ஒரு பழைய கவரில் ரசீதுகளைக் குவித்து வைத்திருந்தால் அந்த வண்டியைப் பார்க்க எவ்வளவு தூரமானாலும் போகலாம். ரசீதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், அவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கிலோமீட்டர் சீராக ஏறிக்கொண்டே வரவேண்டும், நடுவில் குறைந்தால் மீட்டரில் கை வைத்திருக்கலாம். வாங்கி மூன்று மாதத்தில் விற்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள், பதிலை நிதானமாகக் கேளுங்கள். உண்மையான காரணமும் இருக்கலாம், ஊர் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் அவர் காட்டும் அடையாள அட்டையும் ஒன்றாக இல்லையென்றால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் இந்த வரலாற்றை நாமே பார்க்கலாம், புதிதாக வந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. பிரிட்டனில் வண்டி எண்ணைப் போட்டால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையில் எப்போது தேறியது, எதில் தோற்றது, அன்றைக்கு மீட்டர் என்ன காட்டியது எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாக வரும். ஆஸ்திரேலியாவில் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம். கடனைக் கட்டாமல் விற்றுவிட்டுப் போனால், கடன் கொடுத்தவர் உங்கள் வாசலில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியும். எந்த நாடாக இருந்தாலும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, 17 எழுத்து கொண்ட விஐஎன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் இருப்பதும், கதவுச் சட்டத்தில் இருப்பதும், பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அதே எண்ணை வைத்து இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதில் விளையாட்டே கூடாது. தகாட்டா ஏர்பேக். 2000களின் தொடக்கத்திலிருந்து 2015 வரை பல கம்பெனிகளின் கார்களில் போன ஏர்பேக் இது, சின்ன கார்களிலும் ஏராளமாக உண்டு. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டுப்போனால், ஏர்பேக் விரியும்போது அதன் உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் ஓட்டுகிறவர்மேல் பாயும். சின்ன மோதலில்கூட இதனால் உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தார்கள். நாம் தேடுகிற வயதுடைய கார்களில் பல அந்தக் காலத்தவைதான். விஐஎன் எண்ணை அரசு தளத்திலோ கம்பெனி தளத்திலோ போட்டுப் பாருங்கள். மாற்றாமல் இருந்தால் டீலர் இலவசமாக மாற்றித் தரவேண்டும். மாற்றியபின் வாங்குகிறேன் என்று விற்பவரிடம் சொல்வதில் தப்பே இல்லை.

சரி, காரைப் பார்க்கப் போகிறீர்கள். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை பேசும். போனதும் வணக்கம் சொல்லிவிட்டு முதல் வேலையாக பானெட்மேல் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நிற்காத வண்டியில் பானெட் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். உடனே சந்தேகப்பட வேண்டாம், ஆனால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்திருந்தால் பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்த கொழகொழப்பு இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம், அப்படியென்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பகுதியை அடைத்து வைத்திருக்கும் தகடு, போய்விட்டது என்று அர்த்தம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரத்தாலும் லேசாக இப்படி வரும், அதனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். அதிலும் வெளுப்பு இருந்தால் பேச்சே வேண்டாம்.

அப்புறம் சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்யாமல் ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும், செக் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் அவற்றில் இருக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். குளிரில் முதல் நிமிடம் வரும் வெண்ணிற நீராவி ஒன்றும் இல்லை. நீலநிறப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. முதல் சில நொடிகளில் சங்கிலி உரசுகிற மாதிரி கரகரவென்று கேட்டால், குறிப்பாக அது நிற்காமல் தொடர்ந்தால், இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

செயின் என்றதும் பெல்ட் ஞாபகம் வருகிறது. சில இன்ஜின்களில் செயின், சிலவற்றில் ரப்பர் பெல்ட். டொயோட்டா யாரிஸ், ஹோண்டா ஜாஸ் (வட அமெரிக்காவில் அதற்கு ஃபிட் என்று பெயர்) மாதிரியானவற்றின் பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக செயின்தான். பெல்ட் என்றால் பெரும்பாலும் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள், அல்லது குறிப்பிட்ட வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும், ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும். ஓட்டத்தில் அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கியர்பாக்ஸ் பற்றி, நான் அடிபட்ட இடம் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்துங்கள், ஜன்னலை இறக்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். ஒரு நொடிக்குமேல் தாமதித்துப் பிறகு தொம்மென்று இடித்தால் நல்லதல்ல. நிதானமாக நடைவேகத்தில் நகரும்போதும், இருபது முப்பதில் மெதுவாக வேகம் கூட்டும்போதும், வண்டி நடுங்குகிறதா என்று உடம்பால் கவனியுங்கள். மேடு ஒன்று கண்டுபிடித்து ஏறுங்கள், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருந்தால் அதுதான் எனக்கு நடந்தது. குறைந்தது இருபது நிமிடம் ஓட்டுங்கள். சூடான பிறகே தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. சிவிடி ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். மேனுவல் கியர் என்றால் கொஞ்சம் நிம்மதி. நாலாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள், இன்ஜின் கத்தி வண்டி முன்னேறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மாற்றும் செலவைத் தாங்கிவிடலாம், போன சிவிடியைத் தாங்குவது கஷ்டம்.

மாடல் பெயர் முக்கியமே இல்லையா என்றால், ஒரு இடத்தில் முக்கியம்: ஒரு குறிப்பிட்ட கியர்பாக்ஸோ இன்ஜினோ பரவலாகத் தொல்லை கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று தேட அது உதவும். உதாரணத்துக்கு, வட அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையான ஃபோர்டு ஃபியஸ்டாவிலும் 2012 முதல் 2016 வரையான ஃபோகஸிலும் வந்த பவர்ஷிப்ட் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். நடுக்கம், தயக்கம் என்று புகார்கள் குவிந்து வழக்குவரை போனது. ஆஸ்திரேலியாவில் இதே கியர்பாக்ஸ் பற்றிய வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018ல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே ஃபியஸ்டா மேனுவல் கியரில் வந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஆகவே ஃபியஸ்டா மோசம் யாரிஸ் நல்லது என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

பாடியில் சின்னக் கீறல், நசுங்கல் எல்லாம் விட்டுவிடுங்கள், அதைக் காட்டி விலை குறைக்கலாம். துரு வேறு. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிற நாட்டில் இருந்தால் முழங்கால் போட்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், கதவுக்குக் கீழேயுள்ள சட்டம், பின் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம். சைலன்சரில் மேலாகப் படிந்த துரு இயல்பு. சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் தண்ணீர் தேங்கிய தடம், சீட்டு முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கம்பியில் துரு, கார்பெட்டில் பூஞ்சை வாடை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். டயரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருடம் 23வது வாரம் செய்த டயர். பட்டை நன்றாக இருந்தாலும் பத்து வயதான டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

குழந்தை இருக்கிறவர்கள் பின்சீட்டில் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி இருப்பதையே எடுங்கள். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பருக்குப் பிறகு விற்ற புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம், அதற்கு முந்திய மலிவுக் கார்களில் பல சமயம் இருக்காது. பனியிலும் மழையிலும் ஓட்டிப் பழகாத நமக்கு அது ரொம்ப அவசியம்.

இதெல்லாம் தேறினாலும் பணத்தை எடுக்காதீர்கள். வெளி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும், செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு மட்டும் பார்க்காமல், அந்தக் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பலவும் முடியவில்லை என்று வந்தால் நேற்றோ இன்று காலையோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். மெக்கானிக்கிடம் போகவே சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் இப்போதெல்லாம் ஒரு வார்த்தைகூட வாதாடுவதில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். வெட்கப்படாதீர்கள். ஒருவர் வீட்டு வாசல்வரை போய் காபி குடித்துவிட்டு எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று தயங்கித்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம்.

இன்சூரன்ஸை வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாத நமக்கு பிரீமியம் அதிகமாகவே வரும், சில சமயம் சின்ன இன்ஜினுக்கும் கொஞ்சம் பெரிய இன்ஜினுக்கும் வித்தியாசம் திகைக்க வைக்கும். முன்பு இருந்த நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் க்ளெய்ம் எதுவும் இல்லை என்று கடிதம் வாங்கி வைத்திருந்தால் சில கம்பெனிகள் அதை ஏற்றுக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது எடுத்து வைத்துவிட்டு மீதிக்குள் தேடுங்கள். வாங்கிய முதல் வாரம் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலண்ட், ரசீது இல்லாத பட்சத்தில் கியர்பாக்ஸ் ஆயில், எல்லாம் அந்த மாடலுக்கு எழுதியிருக்கும் வகையிலேயே மாற்றுங்கள். எது எப்போது மாற்றியது என்று தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். என் இரண்டாவது கார் ஒன்பது வருடம் ஓடியது. விற்றபோது வாங்க வந்த பெண் காரைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் முதலில் அந்த நோட்டைத்தான் கையில் எடுத்தார்.