4294967297: குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

கார்த்தி: பெரியப்பா, 4294967297 பகா எண்ணான்னு டியூஷன்ல கேட்டிருக்காங்க. 3, 7, 11, 13 எல்லாம் வகுத்துப் பாத்துட்டேன், மீதி வருது. பகா எண்ணுன்னே எழுதிடட்டுமா?

பெரியப்பா: எழுதாத கண்ணு. ஃபெர்மாங்கற பெரிய கணித மேதையே அப்படித்தான் நெனச்சாரு.

நிலா: இது 2^32 + 1 ஆச்சே பெரியப்பா, அதாவது 32 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கூட்டினது! பழைய ஐபி முகவரி மொத்தமே 2^32 தான். அதுக்கு ஒண்ணு கூட.

பெரியப்பா: அதேதான்மா. 2-க்கு அடுக்கு 1, 2, 4, 8, 16-ன்னு வச்சு ஒண்ணு கூட்டினா 3, 5, 17, 257, 65537 வரும். இந்த அஞ்சு எண்ணுமே பகா எண். அடுத்த அடுக்கு 32. இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான்னு 1640-ல ஃபெர்மா கடிதம் எழுதினாரு. 1732-ல ஆய்லர்ங்கற இன்னொரு கணித மேதை இந்த 4294967297-ஐ ரெண்டு காரணியா உடைச்சுட்டாரு.

கார்த்தி: கால்குலேட்டர் இல்லாமயா? வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 65536 வரைக்கும் வகுத்துப் பாக்கணுமே!

நிலா: அதுக்குள்ள 6542 பகா எண் இருக்குடா. இப்பதான் ப்ரோக்ராம் ஓட்டி எண்ணினேன்.

சாந்தி சித்தி: கார்த்தி, தோசை ஆறுது.

கார்த்தி: அஞ்சு நிமிஷம்மா 🙏

பெரியப்பா: அத்தனையும் வேணாம். 'ப'ங்கற பகா எண் இதை மீதியில்லாம வகுக்குதுன்னு வச்சுக்க. அப்ப 2^32-ஐ ப-ஆல வகுத்தா மீதி −1, அதாவது ஒண்ணு குறையுது. வர்க்கம் எடுத்தா 2^64-க்கு மீதி 1. அதுக்கு முன்னாடி எந்த அடுக்குலயும் 1 வராது, அப்புறமும் 64, 64 அடுக்குக்கு ஒரு தடவைதான் வரும். ஆனா 2^(ப−1)-க்கும் மீதி 1 தான் வந்தாகணும். அதனால ப−1 ஐ 64 வகுக்கணும். ப−1 பத்தின அந்த விதியச் சொன்னது யாரு தெரியுமா? அதே ஃபெர்மா, அதே 1640-ல! கருவி அவர் கையிலயே இருந்திருக்கு. இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இந்த இடம் வந்தா எனக்கு இன்னமும் சிலிர்க்குது.

கார்த்தி: அப்ப 64, 64-ஆ தாண்டி ஒண்ணு கூட்டினா போதுமா? 65, 129 பகா எண் இல்ல. 193 போகல. 257 போகல. 449... 577...

கார்த்தி: 641!!! மீதி 0! ஈவு 6700417!

நிலா: 6542-க்குப் பதிலா அஞ்சாவதுலயே 😮

பெரியப்பா: சபாஷ்டா தங்கம். இப்ப வகுக்காமலே பாரு. 641 = 5 × 2^7 + 1. அதே 641 = 5^4 + 2^4. முதல்ல உள்ளதிலிருந்து, 641-ஆல வகுத்தா 5 × 2^7-க்கு மீதி −1. நாலாம் அடுக்கு எடுத்தா 5^4 × 2^28-க்கு மீதி 1. ரெண்டாவதிலிருந்து 5^4-க்குப் பதிலா −2^4 போடு. −2^32-க்கு மீதி 1. அதாவது 2^32 + 1-க்கு மீதி 0.

கார்த்தி: ரெண்டே வரி!! நோட்டுல இதையே எழுதறேன். 6700417 இன்னும் உடையுமா பெரியப்பா?

பெரியப்பா: அதோட வகுத்தியும் 64-ஓட ஒண்ணு கூட்டின மாதிரிதான் இருக்கணும். 641-லேருந்து ஆரம்பி, வர்க்கமூலம் 2588 சொச்சம், அதைத் தாண்ட வேணாம். முதல்ல சாப்பிடு.

கார்த்தி: சாப்ட்டேன். 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழு பகா எண்தான் தேறுச்சு, எதுவுமே வகுக்கல. 6700417 பகா எண்!